எட்டுத் திங்கள் என்னும் எண்

1982ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்துத் தொல்லுயிரியல் பேராசிரியர் ஸ்டீபன் ஜே கூல்டின் வயிற்றறையில் புற்று இருப்பது கண்டறியப்பட்டது. அப்போது அவருக்கு அகவை 40. உள்ளுறுப்புகளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலத்தில் எழும் அந்த நோய்க்கு மீசோதீலியோமா என்று பெயர். கல்நார்த் தூசு உடலுக்குள் சென்று, பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஓசையின்றிக் கிடந்து, பின்னரே தலையெடுக்கும் அரிய நோய் அது. அறுவை முடிந்து தெளிந்த கூல்டு, இந்நோயைப் பற்றிப் படிக்கத்தக்க ஆய்வுரைகள் எவை என்று தம் மருத்துவரிடம் கேட்டார். படிக்கத்தக்கதாக எதுவும் இல்லை என்று மருத்துவர் மெல்லத் தவிர்த்தார். அறிஞர் ஒருவரிடம் சொல்லக்கூடிய மறுமொழியா அது? நடமாட இயன்றதும் கூல்டு நேரே ஆர்வர்டு மருத்துவக் கல்லூரியின் கவுண்ட்வே நூலகத்துக்குச் சென்றார். ஆய்வுரைகள் சொன்ன செய்தி மிகச் சுருக்கமானது. இந்நோய் தீராது; கண்டறிந்த நாளிலிருந்து வாழ்நாளின் இடைநிலை அளவு எட்டுத் திங்கள்.

ஏறத்தாழக் கால் மணி நேரம் திகைத்து அமர்ந்திருந்ததாக அவரே பின்னர் எழுதினார். அதன்பின் அவருடைய தொழிலறிவு விழித்துக்கொண்டது. பகாமாத் தீவுகளின் நத்தை ஓடுகளை ஒவ்வொன்றாக அளந்து, ஓட்டுக்கு ஓடு காணும் வேறுபாடுகளிலிருந்து உயிர்களின் வரலாற்றைப் படித்தவர் அவர். ஓர் எண்ணைக் கண்டால், அது எந்தக் கூட்டத்திலிருந்து பிறந்தது, அக்கூட்டம் எவ்வாறு பரவிக் கிடக்கிறது என்று கேட்பது அவருக்கு மூச்சுவிடுவது போன்ற வழக்கமாகியிருந்தது.

இடைநிலை என்பது என்ன? ஒரு நோய் கண்ட அனைவரையும் அவர்கள் வாழ்ந்த கால அளவின்படி வரிசையாக நிறுத்தினால், நட்ட நடுவில் நிற்பவருடைய கால அளவே இடைநிலை. பாதிப்பேர் அதற்குள் இறந்தனர், பாதிப்பேர் அதைக் கடந்து வாழ்ந்தனர் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. கடந்தவர்கள் எவ்வளவு தொலைவு கடந்தனர் என்பதை அறிய வரிசை முழுவதையும் பார்க்க வேண்டும். திருமணப் பந்தியை எண்ணிப் பாருங்கள். இலை போட்ட அரை மணியில் பாதிப்பேர் எழுந்துவிடுவர். இலை போடுமுன் எவரும் எழ இயலாது. ஆனால் மோருக்குப் பின்னும் பழங்கதை பேசிக்கொண்டு அமர்ந்திருக்கும் பெரியவர் எப்போது எழுவார் என்பதற்கு வரம்பு கிடையாது. வாழ்நாள் கணக்கும் இத்தகையதே. இடப்பக்கம் அது சுழியத்தில் முட்டி நிற்கிறது; அதற்குக் கீழே இறங்க வழியில்லை. வலப்பக்கமோ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. இவ்வடிவைப் புள்ளியியலார் வலப்பக்கக் கோட்டம் என்பர். நீளும் பகுதியை வால் என்பர்.

அந்த வாலில் தமக்கு இடமுண்டா என்பதே கூல்டு தம்மையே கேட்டுக்கொண்ட கேள்வி. அவர் இளையவர். நோய் ஒப்பீட்டளவில் தொடக்க நிலையிலேயே தென்பட்டிருந்தது. நாட்டின் மிகச் சிறந்த மருத்துவம் அவருக்குக் கிட்டியது. இன்னொன்றும் உண்டு, பலர் இதைக் கவனியாமல் விட்டுவிடுகின்றனர். எட்டுத் திங்கள் என்ற எண் பழைய மருத்துவம் பெற்றவர்களிடமிருந்து வந்தது. அவர் பெறவிருந்ததோ, அப்போது ஆய்வு நிலையிலிருந்த புதிய முறை. சூழல் மாறினால் பரவலும் மாறும். பழைய இடைநிலை புதியவரைக் கட்டுப்படுத்தாது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, அழுவதற்கு முன் எண்ணிப் பார்க்கப் போதிய காலம் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1985இல் ‘டிசுகவர்’ இதழில் இதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அன்று தொட்டு அக்கட்டுரை நோயாளிகளின் கைகளில் சுற்றிக்கொண்டேயிருக்கிறது.

எண்ணைக் கேட்டு அஞ்சியவருக்கு ஆறுதல் எண்ணுக்கு வெளியிலிருந்து வரவில்லை என்பதே இங்கு நான் வியக்கும் செய்தி. கூல்டு எண்ணைப் புறக்கணிக்கவில்லை. வானத்தைப் பார்த்து வேண்டவுமில்லை. அந்த எண்ணையே இன்னும் நெருங்கிச் சென்று, முழுமையாகப் படித்தார். நம் வீடுகளிலோ மருத்துவரைத் தனியே அழைத்து, “அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்” என்று கெஞ்சும் வழக்கம் ஊன்றிப் போயிருக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த அன்பு நோயாளியைத் தம் நோயைப் பற்றி எண்ணும் உரிமையற்றவராக ஆக்கிவிடுகிறது. சுற்றியிருப்போர் முகங்களிலிருந்து அவர் எப்படியும் படித்துக்கொள்கிறார். படிப்பது மிகக் கொடிய பதிப்பை.

கூல்டு எட்டுத் திங்களல்ல, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். 2002 மே 20 அன்று, முதல் நோயோடு தொடர்பில்லாத வேறொரு புற்று அவரைக் கொண்டு சென்றது.

இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்திவிட்டால் அது அறிவியல் ஆகாது. கூல்டின் கதையை ஆறுதலாகச் சொல்வோர் வரிசையின் இடப்பக்கத்தில் நின்றவர்களை மறந்துவிடுகின்றனர். அதே நோய் கண்டு எட்டுத் திங்களுக்குள் மறைந்த பாதிப்பேரும் கணக்குத் தெரியாதவர்களோ மனவுறுதி குறைந்தவர்களோ அல்லர். பரவலின் வால் நீள்கிறது என்பது அங்கு இடமுண்டு என்பதற்குச் சான்று. அந்த இடம் இன்னாருக்குக் கிட்டும் என்பதற்குச் சான்றன்று. கூல்டும் இதை நன்கறிந்தவர். 1996இல் வந்த ‘ஃபுல் ஹவுஸ்’ நூலில் தம் நோயையும், அடிபந்து விளையாட்டில் மட்டையாளர்களின் பேரளவு சாதனைகள் மறைந்து போனதையும் ஒருசேர ஆராய்ந்தபோது அவர் நிறுவ முயன்றது ஒன்றே. இயற்கையில் உண்மையாக இருப்பது வேறுபாடு. சராசரியும் இடைநிலையும் நாம் அதிலிருந்து வடித்தெடுக்கும் கருத்துகள்.

வாழ்நாள் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சற்று நோக்குவோம். ஓர் ஆய்வில் சேர்ந்த நோயாளிகளுள் ஆய்வு முடியும் நாளில் சிலர் இறந்திருப்பர், சிலர் உயிரோடிருப்பர், சிலர் ஊர் மாறித் தொடர்பற்றுப் போயிருப்பர். உயிரோடிருப்பவரின் முழு வாழ்நாள் எவருக்கும் தெரியாது. அவரை விட்டுவிட்டால் கணக்கு பொய்க்கும். அன்றே இறந்தவராகக் கொண்டாலும் பொய்க்கும். எட்வர்டு கேப்லன், பால் மெயர் என்னும் இருவர் இச்சிக்கலுக்குத் தனித்தனியே விடை கண்டு ஒரே இதழுக்கு அனுப்ப, இதழாசிரியர் இருவரையும் இணைத்து எழுதச் செய்தார். 1958இல் வெளிவந்த அம்முறையில், ஒவ்வொருவரும் பார்வையில் இருந்த காலம் வரை மட்டும் கணக்கில் நிற்பர்; அதன்பின் வரிசையிலிருந்து விலகிக்கொள்வர். படிப்படியாக இறங்கும் அந்தக் கோடு இன்று ஏறக்குறைய ஒவ்வொரு புற்றுநோய் ஆய்வுரையிலும் காணப்படுகிறது. கோட்டின் வலக்கோடியில் எஞ்சுபவர் சிலரே ஆதலால், வால் எவ்வளவு நீளும் என்பதை அது உறுதியாகச் சொல்ல மாட்டாது. நோயாளி மிகவும் அறிய விரும்பும் பகுதியே மிகவும் மங்கலாகத் தெரியும் பகுதி.

மருத்துவரின் கணிப்பு இதைவிட நம்பத்தக்கதா? 2000ஆம் ஆண்டில் நிகோலஸ் கிறிஸ்டாக்கிஸ், எலிசபெத் லாமண்ட் இருவரும் சிகாகோவில் இறுதிக்கால நோயாளர் பராமரிப்புத் திட்டங்களில் சேர்ந்த 468 பேரைப் பற்றி 343 மருத்துவர்களின் கணிப்பைக் கேட்டு, பின்னர் உண்மையோடு ஒப்பிட்டனர். நூற்றுக்கு 20 கணிப்புகளே ஏறத்தாழச் சரியாக இருந்தன. 63 கணிப்புகள் மிகைப்பட்டவை, 17 குறைப்பட்டவை. நோயாளியோடு நெடுநாள் பழகிய மருத்துவரின் கணிப்பு மேலும் பிழைத்தது. பற்று பார்வையை மறைக்கிறது போலும். ஆகவே, ஒற்றை எண்ணைக் கேட்பதும் ஒற்றை எண்ணைச் சொல்வதும் இரண்டுமே பயனற்றவை.

ஆத்திரேலியாவின் சிட்னியில் பெலிண்டா கைலி, மார்ட்டின் ஸ்டாக்லர் முதலியோர் இதற்கு எளிய மாற்று ஒன்றைக் கண்டனர். பரவிய மார்பகப் புற்று பற்றிய பல செய்முறை ஆய்வுகளின் கோடுகளை அளந்தபோது, அவற்றின் வடிவம் வியக்கத்தக்க அளவில் ஒத்திருந்தது. இடைநிலையின் கால் பங்குக்குள் மறைவோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். பாதிக்கும் இரு மடங்குக்கும் இடையே வருவோர் ஏறத்தாழப் பாதிப்பேர். மூன்று மடங்கைக் கடப்போர் பத்தில் ஒருவர். எனவே இடைநிலை 24 திங்களாயின், மருத்துவர் இவ்வாறு சொல்லலாம்: “உங்களைப் போன்ற நூறு பேரை எடுத்துக்கொண்டால், பத்துப் பேர் ஆறு திங்களுக்குள் இறந்துவிடலாம், ஐம்பது பேர் ஓராண்டிலிருந்து நான்காண்டு வரை இருக்கலாம், பத்துப் பேர் ஆறாண்டுகளைத் தாண்டலாம்.” இதில் பொய்யில்லை, கதவு அடைபடவும் இல்லை. உயிலெழுத வேண்டியவர் எழுதலாம்; பேரப்பிள்ளையின் பள்ளி நாளுக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுக்கவும் செய்யலாம். இரண்டையும் ஒரே கிழமையில் செய்வதில் முரண் எதுவுமில்லை.

அடுத்த கேள்வி வேறு தன்மையது. நம்பிக்கை கொள்வது வாழ்நாளை நீட்டுமா?

நீட்டும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினர். 1989இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்பீகல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பரவிய மார்பகப் புற்று கண்ட 86 பெண்களுள் ஒரு பிரிவினர் ஓராண்டுக் காலம் கிழமைதோறும் கூடிப் பேசினர். அவர்கள் சராசரியாக 36.6 திங்களும், கூடிப் பேசாதவர்கள் 18.9 திங்களும் வாழ்ந்தனர். உலகமே வியந்தது. ஆனால் கனடாவில் பமேலா குட்வின் குழுவினர் 235 பெண்களைக் கொண்டு அதே முறையைச் சோதித்து 2001இல் வெளியிட்டபோது, இரு பிரிவினரின் வாழ்நாளும் ஒன்றாகவே இருந்தது. ஸ்பீகலே மீண்டும் 125 பெண்களிடம் செய்து பார்த்தார். 2007இல் வந்த முடிவு முதல் முடிவை உறுதிசெய்யவில்லை. தம் புகழுக்குக் காரணமான முடிவைத் தாமே மறுத்தாய்ந்து, கிடைத்ததை மறைக்காமல் அச்சேற்றிய அவருடைய நேர்மையைப் போற்றத்தான் வேண்டும். அதே ஆண்டு ஜேம்ஸ் காய்ன் குழுவினர் தலை, கழுத்துப் புற்று கண்ட 1,093 பேரின் உளநிலையையும் வாழ்நாளையும் ஒப்பிட்டனர். உளநலம் மிகுந்தவர் நெடிது வாழ்ந்தார் என்பதற்குச் சான்று கிட்டவில்லை.

இந்த முடிவு சிலருக்குக் கசக்கலாம். எனக்கோ இது பெரும் விடுதலையாகத் தோன்றுகிறது. “மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள், நோய் ஓடிவிடும்” என்று நோயாளியின் படுக்கையருகே சொல்வோர் நல்லெண்ணத்தால் சொல்கின்றனர். அச்சொல்லின் மறுபக்கத்தை அவர்கள் எண்ணுவதில்லை. நோய் ஓடவில்லையென்றால் மனம் தளர்ந்ததே காரணம் என்றாகிவிடுகிறது. வேதி மருத்துவத்தால் முடி உதிர்ந்து, நாவில் சுவையற்று, இரவெல்லாம் குமட்டலோடு கிடப்பவர்மீது அழக்கூடாது என்னும் கடமையையும் ஏற்றுகிறோம். உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதற்கு அவருடைய கண்ணீர் காரணமன்று. அவர் அழலாம், அஞ்சலாம், சினக்கலாம். அதனால் அவருடைய நாள்கள் குறைந்துவிடா.

அப்படியானால் கூடிப் பேசியதால் பயனே இல்லையா? உண்டு. குட்வின் ஆய்வில் தொடக்கத்தில் மிகவும் துயருற்றிருந்த பெண்களுக்கு உளத்துயர் தணிந்தது, வலியுணர்வும் குறைந்தது. நாள் கூடவில்லை, நாளின் தன்மை மாறியது. மருத்துவ ஆய்வு நெடுங்காலம் நாள்களை எண்ணுவதிலேயே முனைந்திருந்ததால், இதை ஓர் ஆறுதல் பரிசாகவே கருதியது. இன்று அப்பார்வை மாறி வருகிறது.

மாற்றத்துக்கு ஒரு வேர் வியன்னாவில் இருக்கிறது. உளமருத்துவர் விக்டர் பிராங்கல் நாட்சிகளின் வதைமுகாம்களில் தந்தையையும் தாயையும் மனைவியையும் இழந்து மீண்டவர். மனிதனை இயக்கும் முதன்மையான விழைவு பொருள் தேடும் விழைவே என்பது அவர் கோட்பாடு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நடுவத்தில் வில்லியம் பிரைட்பார்ட் என்னும் உளமருத்துவர் இக்கோட்பாட்டை எடுத்து, எட்டுக் கிழமை நடைபெறும் குழு உரையாடலாக வடிவமைத்தார். பிறந்து வளர்ந்த வழி, கைகளால் ஆக்கியவை, மாற்ற இயலாத துன்பத்தை எதிர்கொண்ட முறை, அன்பு, அழகு, நகைச்சுவை ஆகிய வாயில்களின் வழியே ஒவ்வொருவரும் தம் வாழ்வில் பொருள் எங்கிருந்தது என்று தேடுகின்றனர். 253 பேரைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வில், வழக்கமான ஆதரவுக் குழுவைவிட இக்குழுவில் உளச்சோர்வும் நம்பிக்கையிழப்பும் விரைவில் இறந்துவிட வேண்டும் என்ற விழைவும் குறைந்திருந்தன. வழக்கமான குழுவிலும் பரிவு இருந்தது, பேச்சு இருந்தது. என்ன பேசினர் என்பதே வேற்றுமை. பரிவு மட்டும் போதாது, தேடுவதற்கு ஒன்று வேண்டும் என்று இதை நான் படிக்கிறேன்.

கூல்டும் தேடிக்கொண்டிருந்தவர்தான், வேறு முறையில். ‘நேச்சுரல் ஹிஸ்டரி’ இதழில் 1974 சனவரியில் தொடங்கிய அவருடைய கட்டுரைத் தொடர் 2001 சனவரி வரை இதழ் தவறாமல் வெளிவந்தது. மொத்தம் 300 கட்டுரைகள். அறுவையும் கதிர் மருத்துவமும் வேதி மருத்துவமும் நிகழ்ந்த திங்கள்களிலும் ஒன்றுகூட விடுபடவில்லை. எழுதியதால் அவர் பிழைத்தார் என்று சொல்ல மேலே கண்ட ஆய்வுகள் நம்மை விடா. பிழைத்திருந்த நாள்களில் எழுதினார் என்பதே சரி. 1,400 பக்கங்களுக்கு மேற்பட்ட, படிமலர்ச்சிக் கோட்பாட்டின் கட்டமைப்பைப் பற்றிய அவருடைய பெருநூல், அவர் மறைவுக்குச் சற்று முன்பே அச்சாகி வந்தது.

பொருள் தேடுவதற்கு உடல் சற்றேனும் ஒத்துழைக்க வேண்டும். எலும்பில் பரவிய புற்று இரவும் பகலும் குடையும்போது எவரும் தம் வாழ்வின் பொருளைத் தேட மாட்டார். அடுத்த ஊசி எப்போது என்றே தேடுவார். இதை முதலில் தெளிவாக உணர்ந்தவர் இலண்டனின் சிசிலி சாண்டர்ஸ். செவிலியாகத் தொடங்கி, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பின்னர் மருத்துவமும் பயின்றவர் அவர். 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார். வலி வந்தபின் மருந்து கொடுத்து அடக்குவதற்கு மாறாக, வலி தலையெடுக்குமுன் குறித்த மணிக்கு, அபினியிலிருந்து எடுக்கும் மார்பின் மருந்தை வாய்வழியே கொடுப்பது அவர் வற்புறுத்திய முறை. உடல்வலி, உளவலி, குடும்பக் கவலை, இறைமுறையீடு எல்லாம் ஒன்றில் ஒன்று பின்னியவை என்றும், ஒன்றைத் தனியே பிரித்து ஆற்ற இயலாது என்றும் கற்பித்தார்.

இந்தியாவைப் பொறுத்தவரை இது வேதனையான கதை. மருந்துக்கென்று முறைப்படி அபினி விளைவிக்கும் மிகச் சில நாடுகளுள் ஒன்று இது. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் மருத்துவமனை ஒன்று மார்பின் வாங்கப் பல துறைகளின் உரிமங்களைத் தேடி அலைய வேண்டியிருந்தது. 2014இல் சட்டம் திருத்தப்படும் வரை. இத்தடைகளுக்கிடையே, 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் ராசகோபாலும் சுரேசுகுமாரும் பிறரும் தொடங்கிய வலித்தணிப்பு இயக்கம், கேரளத்தின் ஊர்கள்தோறும் தன்னார்வலர்களைப் பயிற்றி வீடுகளுக்கே அனுப்பியது. தமிழ்நாட்டிலும் இன்று அரசு மருத்துவமனைகளில் இப்பிரிவுகள் உள்ளன. எனினும், “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்ற சொல் ஓய்ந்தபாடில்லை. கட்டிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போகலாம். கட்டியைச் சுமப்பவருக்குச் செய்ய வேண்டியவை அன்றுதான் மிகுகின்றன.

அவற்றை இறுதி நாள் வரை தள்ளிப்போடவும் வேண்டியதில்லை. பாஸ்டன் நகரில் செனிபர் டெமல் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பரவிய நுரையீரல் புற்று கண்ட 151 பேருள் ஒரு பிரிவினருக்குத் தொடக்கத்திலிருந்தே வலித்தணிப்பு மருத்துவர்களின் துணையும் சேர்த்து அளிக்கப்பட்டது. அவர்களுக்கு உளச்சோர்வு குறைந்தது. வாழ்வின் தரம் உயர்ந்தது. இறுதி நாள்களில் கடுமையான மருத்துவத்துக்கு உள்ளானவர்களும் குறைவே. ஆயினும் அவர்களுடைய இடைநிலை வாழ்நாள் 11.6 திங்களாகவும், மற்றவர்களுடையது 8.9 திங்களாகவும் இருந்தது. பின்வந்த எல்லா ஆய்வுகளும் இந்த நீட்சியைக் காணவில்லை. எனவே இதை உறுதிமொழியாகக் கொள்வது தகாது. வலித்தணிப்பு என்றால் கைவிடுதல் என்று அஞ்சுவோருக்கு இந்த ஓர் ஆய்வே விடை சொல்லும்.

கனடாவின் ஆர்வி சோச்சினோவ் மேற்கொண்ட முயற்சி இவற்றுள் மிக எளியது. இறுதிக் கட்டத்தில் இருப்பவரிடம் சில கேள்விகள் கேட்கப்படுகின்றன. வாழ்வில் எதை எண்ணிப் பெருமைப்படுகிறீர்கள்? உங்களைச் சார்ந்தவர்கள் உங்களைப் பற்றி எதை அறிந்திருக்க வேண்டும்? அவர்களிடம் இன்னும் சொல்லாதது என்ன? மறுமொழிகள் பதிவாகி, எழுத்தாகி, அவரிடமே படித்துக்காட்டித் திருத்தப்படுகின்றன. பின்னர் அவர் விரும்புவோர்க்கு வழங்கப்படுகின்றன. 2005இல் வெளியான முதல் ஆய்வில், கனடாவிலும் ஆத்திரேலியாவிலும் பங்குபெற்ற 100 பேருள் 76 விழுக்காட்டினர் தம் மதிப்புணர்வு உயர்ந்ததாகவும், 67 விழுக்காட்டினர் வாழ்வு பொருளுடையதாகத் தோன்றியதாகவும் கூறினர். ஒப்பீட்டுப் பிரிவோடு கூடிய பெரிய ஆய்வு 2011இல் வந்தபோது நிலை சிக்கலானது. துயர அளவைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பங்கேற்றவர்களுள் பெரும்பாலோரிடம் தொடக்கத்திலேயே துயர அளவு குறைவாக இருந்ததால், மேலும் இறங்க இடமில்லை என்று ஆய்வாளர்கள் காரணம் கூறினர். ஆனால் வாழ்வின் தரம் மேம்பட்டதா, குடும்பத்துக்கு உதவியதா, குடும்பத்தார் தம்மைப் பார்க்கும் பார்வை மாறியதா என்று நேரடியாகக் கேட்டபோது, இக்கேள்விமுறையில் பங்கேற்ற பிரிவினரே மிகுதியாக ஆம் என்றனர். எந்த அளவுகோலைக் கொண்டு இதை அளப்பது என்னும் வழக்கு ஆய்வாளரிடையே இன்னும் முடியவில்லை.